எஞ்சிய வாழ்நாளைக் கணித்தல்: ஹாலியின் பிரெஸ்லாவ் அட்டவணை வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் எஞ்சியுள்ளன என்பதை அறிய, சராசரி ஆயுளிலிருந்து வயதைக் கழித்துப் பார்ப்பது பலரிடமும் காணப்படும் வழக்கம். இம்முறை ஏன் பிழையானது என்பதை எட்மண்ட் ஹாலி 1693இல் வெளியிட்ட வாழ்நாள் அட்டவணையைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. சரியான கணிப்பு முறையையும் அதன் பயனையும் எல்லையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வாழ்நாள் அட்டவணை, சராசரி ஆயுள், எஞ்சிய வாழ்நாள், ஆண்டுத்தொகை, எட்மண்ட் ஹாலி

முன்னுரை

ஒரு நாட்டின் சராசரி ஆயுள் 70 ஆண்டுகள் என்று அறியும் 65 வயதினர், தமக்கு இன்னும் ஐந்தாண்டுகளே உள்ளன என்று எண்ணுவதுண்டு. 72 வயதினரோ கணக்கைக் கடந்துவிட்டதாகவே கருதுவர். சேமிப்பை எத்தனை ஆண்டுகளுக்குப் பகிர்ந்து செலவிடுவது, அறுவை சிகிச்சைக்கு உடன்படுவதா என்பன போன்ற முடிவுகள் இவ்வெண்ணத்தைச் சார்ந்து அமைகின்றன. ஆகவே இதனைத் தெளிவுபடுத்துவது தேவையாகிறது.

தரவின் தோற்றம்

இன்று போலந்து நாட்டில் வ்ரோத்ஸ்வாஃப் எனப்படும் நகரம் அன்று பிரெஸ்லாவ் என வழங்கியது. அங்குச் சமயப் பணியாற்றிய காஸ்பர் நோய்மன், நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைத் தொகுத்தார். 7, 9 ஆகியவற்றின் மடங்குகளான வயதுகள், குறிப்பாக 49, 63 ஆகியவை, உயிருக்குக் கண்டமானவை என்ற நம்பிக்கை அக்கால ஐரோப்பாவில் நிலவியது. இறந்தோரின் வயதுகளை எண்ணிப் பார்த்த நோய்மனின் தொகுப்பு அந்நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. 1687 முதல் 1691 வரையிலான அவருடைய தரவுகள் இலண்டன் அரச கழகத்தை அடைந்தன. அவற்றைக் கொண்டே வானியலாளரான ஹாலி தம் அட்டவணையை அமைத்தார்.

அட்டவணையின் அமைப்பு

அந்த ஐந்தாண்டுகளில் 6,193 பிறப்புகளும் 5,869 இறப்புகளும் பதிவாகியிருந்தன. ஆண்டுக்குச் சராசரியாக 1,238 குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் 348 பேர் முதலாண்டிலேயே இறந்தனர். முதல் வயதில் 1,000 பேரைக் கொண்டு தொடங்கும் அட்டவணை, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் எஞ்சுவர் என்பதைக் காட்டுகிறது. 10ஆம் வயதில் 661 பேர், 30இல் 531 பேர், 60இல் 242 பேர், 80இல் 41 பேர் எஞ்சுகின்றனர். எல்லா வயதினரையும் கூட்டி, நகரின் மக்கள்தொகை 34,000 என ஹாலி மதிப்பிட்டார்.

கணிப்பு முறை

34,000ஐ 1,238ஆல் வகுத்தால், பிறக்கும்போதைய சராசரி ஆயுள் ஏறத்தாழ 27.5 ஆண்டுகள் எனக் கிடைக்கும். கழித்தல் முறையைப் பின்பற்றினால் 30 வயதினருக்கு ஆயுள் ஏதும் எஞ்சவில்லை. ஆனால் 30ஆம் வயதில் இருந்த 531 பேரில் பாதி, அதாவது 265 பேர், எந்த வயதில் எஞ்சுகின்றனர் என்று ஹாலி கண்டார். 57இல் 272 பேரும் 58இல் 262 பேரும் உள்ளனர். எனவே 30 வயதினர் மேலும் 27 அல்லது 28 ஆண்டுகள் வாழ்வதற்கும் வாழாமைக்கும் வாய்ப்பு சமமாகும்.

இம்முரணுக்குக் காரணம் குழந்தை இறப்புகளே. பிரெஸ்லாவில் பிறந்தோரில் பாதிப்பேர் 17 ஆண்டுகளுக்குள் இறந்தனர். அவ்விறப்புகள் சராசரியைக் கீழே இழுத்தன. 30 வயதை அடைந்தவரோ அவ்விடர்களைக் கடந்தவர். அவருடைய எதிர்காலத்தைக் கணிக்கும்போது அவற்றை மீண்டும் சேர்த்தல் தகாது. 60ஆம் வயதின் 242 பேர் பாதியாகக் குறைவது 72ஆம் வயதை ஒட்டியே. பாதிப்பேர் எட்டும் வயது பிறந்த குழந்தைக்கு 17, 30 வயதினருக்கு 57, 60 வயதினருக்கு 72 என வளர்கிறது. குழந்தைப் பருவத்தைக் கடந்தபின் வயது ஏற ஏற எஞ்சிய ஆண்டுகள் குறைகின்றன. எட்டக்கூடிய வயதோ உயர்கிறது.

கணிப்பின் பயன்

முன்பணம் பெற்றுக்கொண்டு, செலுத்தியவரின் ஆயுள்வரை ஆண்டுதோறும் தொகை வழங்குவது ஆண்டுத்தொகை எனப்படும். அக்காலத்தில் இங்கிலாந்து அரசு வயது பாராமல் 14 விழுக்காடு வழங்கியது. அதாவது ஏறத்தாழ ஏழு ஆண்டுத் தொகைக்கு ஈடான விலையில் விற்றது. 6 விழுக்காடு வட்டியில் ஹாலி கணக்கிட்டபோது, அதன் நேர்விலை 10 வயதினருக்கு 13.44 ஆண்டுத் தொகையாகவும், 70 வயதினருக்கு 5.32 ஆண்டுத் தொகையாகவும் அமைந்தது. இளையோருக்கு அரசு ஏறத்தாழ பாதி விலையில் விற்றது. முதியோரிடம் மிகுதியாகப் பெற்றது. வயதைக் கருதாத கணக்கு எவரையேனும் இழப்புக்கு உள்ளாக்கும் என்பதை இது உணர்த்துகிறது.

கணிப்பின் எல்லைகள்

முதலாவதாக, ஒரு காலத்தின் இறப்பு வீதங்கள் மாறாமல் நீடிக்கும் என்ற கருதுகோளின் மீதே இத்தகைய அட்டவணை நிற்கிறது. மருத்துவமும் குடிநீர் வசதியும் மேம்பட்டால் மக்கள் அட்டவணை கூறுவதைவிடக் கூடுதலாக வாழ்வர். இரண்டாவதாக, அட்டவணை ஒரு குழுவைப் பற்றியே பேசுகிறது. பாலினம், நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றால் தனியொருவரின் நிலை வேறுபடும். மூன்றாவதாக, நடுவெண் இறுதி நாளன்று. பிரெஸ்லாவின் 60 வயதினர் 72 வரைக்கும் மட்டுமே பொருள் சேர்த்திருப்பின், அவர்களுள் பாதிப்பேர் அதன்பின் வறுமையுற நேர்ந்திருக்கும். 242 பேரில் 41 பேர், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர், 80 வயதையும் கண்டனர்.

முடிவுரை

எஞ்சிய வாழ்நாளை அறிய விழைவோர் பிறக்கும்போதைய சராசரியை விடுத்து, தம் வயதை எட்டியோரின் கணக்கையே நோக்க வேண்டும். இந்தியாவில் மாதிரிப் பதிவு முறையின் அடிப்படையில் வெளியாகும் வாழ்நாள் அட்டவணைகளும் இவ்விவரத்தை வயதுவாரியாகத் தருகின்றன. அவ்வெண்ணையும் முடிந்த முடிபாகக் கொள்ளாமல், அதனினும் நெடிது வாழ நேர்வதற்கும் ஆயத்தமாக இருப்பதே அக்கணிப்பைப் பயன்படுத்தும் முறையாகும்.