மாற்றியதும் மாறியதும்

எக்செல் கோப்பைச் சிஎஸ்வி என்னும் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதனால் என்ன லாபம் என்பது இந்த வாரம். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் கட்டிங் மேஜைக்கு வருவதற்குள் அதன் அளவுப் பட்டியல் சில முறையாவது திருத்தப்பட்டுவிடும். ஆறு சைஸ், சைஸுக்குப் பதினெட்டு அளவு என்றால் மொத்தம் 108 எண்கள். ‘நெக் ரிப் மட்டும் மாற்றியிருக்கிறோம்’ என்று பையரிடமிருந்து மெயில் வருகிறது. அந்தக் கட்டங்களுக்கு மஞ்சளும் பூசியிருக்கிறார்கள். மெர்ச்சண்டைசர் மஞ்சளைப் பார்த்து பேட்டர்ன் மாஸ்டரிடம் சொல்கிறார், வேலை ஓடுகிறது. ஆனால் அந்த மஞ்சள், அனுப்பியவர் எதை மாற்ற நினைத்தார் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அவர் இரண்டாம் திருத்தத்தைத் திறப்பதற்குப் பதில் முதல் கோப்பைத் திறந்து வேலை செய்திருந்தால், ஃபிட் சாம்பிளில் பேசி முடித்த தோள்பட்டை அளவு சத்தமில்லாமல் பழைய எண்ணுக்குத் திரும்பியிருக்கும். அதற்கு யார் மஞ்சள் பூசுவார்கள்? துணியை ஓட்டை, கறை, ஜிஎஸ்எம் என்று சோதிக்காமல் நாம் லே போடுவதில்லை. அந்தத் துணியை எப்படி வெட்டுவது என்று சொல்லும் கோப்பை மட்டும் மெயிலின் வார்த்தையை நம்பி ஏற்றுக்கொள்கிறோம்.

டிஃப் என்ற கட்டளை மெயிலைப் படிப்பதில்லை, கோப்பை மட்டுமே படிக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதி, 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வந்தது. ஜேம்ஸ் ஹன்ட்டும் அவரும் அதன் கணக்கை 1976இல் அறிக்கையாக விளக்கினார்கள். இரண்டு கோப்பிலும் ஒரே வரிசையில் வரும் பொது வரிகளின் மிக நீண்ட தொடரை அது தேடுகிறது. அதில் சேராத வரிகளை மட்டும் காட்டுகிறது. நடுவில் புதிதாக ஒரு வரி நுழைந்தாலும் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மாறிவிட்டது என்று பதறாது. டிஃப் என்று தட்டி, பழைய சிஎஸ்வி கோப்பின் பெயரையும் புதியதன் பெயரையும் கொடுத்தால் போதும். ‘<’ குறியோடு வருவது பழைய வரி, ‘>’ குறியோடு வருவது புதியது. வேறுபாடே இல்லையென்றால் திரையில் ஒன்றும் வராது. லினக்ஸிலும் மேக்கிலும் இது கூடவே இருக்கிறது. விண்டோஸில் ‘எஃப்சி’ என்ற கட்டளை ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும்.

அனுபவமுள்ள மெர்ச்சண்டைசரின் கண் போதாதா என்று கேட்கலாம். போதாது; பார்க்கச் சொன்ன இடத்தைத்தான் கண் கூர்ந்து பார்க்கும், அனுபவம் கூடக் கூட மற்ற இடங்களை இன்னும் வேகமாகத் தாண்டும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே மென்பொருள் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் கோப்பை நம்பி வெட்டும் ஜாப்வொர்க் யூனிட்டுக்கு அது எட்டாத விலை. டிஃப்புக்கு விலையே இல்லை. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: பையர் வரிசையை மாற்றி அடுக்கி அனுப்பினால் மாறாத வரிகளையும் டிஃப் மாறியதாகக் காட்டும். உண்மைதான். அதனால்தான் ஒப்பிடும் முன் இரண்டு கோப்பையும் ‘சார்ட்’ கட்டளையால் ஒரே முறையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு எண் மாறினாலும் டிஃப் முழு வரியையும் காட்டும் என்பதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அரை சென்டிமீட்டர் வித்தியாசம் டாலரன்ஸுக்குள் அடங்குமா, பையரிடம் திரும்பக் கேட்க வேண்டுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த முடிவு மெர்ச்சண்டைசருடையது.

தமிழில் குறிப்பு எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை. யூனிகோடில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். டிஃப் வேறு வேறு என்று சொல்லும். ஆகவே ஒரு யூனிட்டில் எல்லோரும் ஒரே தட்டச்சு முறையை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த திருத்தம் வரும்போது பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். ஒப்பிடுவதற்கு அதுவும் வேண்டும்.