என்ன கம்ப்ளைன்ட்?

போன வாரம் ஆங்கிலத்தின் சிரிப்புச் சொற்களைப் பார்த்தோம். இந்த வாரம் அழுமூஞ்சிகளின் முறை.

அம்போ ஈட்டியோ விர்ரென்று காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது ஒரு சத்தம் வருமே, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சத்தத்துக்கு ‘ஹ்வீனன்’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது. அதுதான் தேய்ந்து ‘வைன்’ ஆனது. (ஒயின்ஷாப் ஒயின் அல்ல. எழுதும்போது ஒரு ஹெச் கூடுதலாக வரும்.) அம்புக்கு வேலையில்லாமல் போன பிறகும் சொல் பிழைத்துக்கொண்டது. மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு நாய் மெல்லிசாக இழுக்கிறதே, அதுவும் வைன். ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளை, ஆபீசில் எதற்கெடுத்தாலும் மூக்கால் அழும் ஆசாமி என்று அப்புறம் எல்லோருக்கும் அதுவே பொருந்திவிட்டது.

ஆங்கிலத்தில் குறை சொல்வதற்கான சொற்களில் பல இப்படிச் சத்தத்தோடு ஒட்டியவைதான். வலியில் முனகினால் ‘மோன்’. ‘கிரம்பிள்’ என்பது தூரத்து இடிக்கும் பொருந்தும், சம்பள உயர்வு கிடைக்காதவரின் முணுமுணுப்புக்கும் பொருந்தும். ஆடு கத்தினால் ‘ப்ளீட்’. எதிர்க்கட்சிக்காரர் பேச்சையும் ஆளுங்கட்சிக்காரர் அப்படியே சொல்வார். கவனித்துப் பார்த்தால், என்ன குறை என்பதை இந்தச் சொற்கள் சொல்வதே இல்லை. எந்தக் குரலில் சொன்னார் என்பதோடு நின்றுவிடுகின்றன. குரலைக் கிண்டலடித்தாயிற்று என்றால் குறைக்குப் பதில் சொல்ல வேண்டிய பாரம் இறங்கிவிடுகிறது அல்லவா?

வைனுக்கு ஒரு பங்காளி உண்டு, ‘விஞ்ச்’. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் காலங்காலமாகப் புழங்கிய சொல். அமெரிக்கர்கள் அவ்வளவாகச் சீந்துவதில்லை. அதை உலகறியச் செய்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரிட்டனிலிருந்து வர விரும்பும் பெரியவர்கள் 10 பவுண்டு கட்டினால் போதும், மீதிக் கப்பல் செலவு அரசாங்கத்துடையது. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் திரும்பிப் போனால் மட்டும் முழுக் கட்டணத்தையும் எண்ணி வைக்க வேண்டும். வெயிலும் கடற்கரையும் நிரம்பிய விளம்பரங்களைப் பார்த்து வந்து இறங்கியவர்களில் பலர் முதலில் போய்ச் சேர்ந்தது தகரக் கொட்டகை விடுதிகளுக்கு. உள்ளே வெக்கை, பொதுக் கழிப்பறை, தினமும் ஆட்டுக்கறி. முணுமுணுக்காமல் என்ன செய்வார்கள்? உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் ‘விஞ்சிங் பாம்’. பாம் என்றால் அங்கே இங்கிலாந்துக்காரர். ஒரு பழைய ஜோக் உண்டு: இங்கிலாந்துக்காரர்கள் வந்த விமானம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்ஜினை நிறுத்திய பிறகும் உள்ளேயிருந்து அந்த ‘ங்ங்ங்’ சத்தம் நிற்காது. நல்ல ஜோக்தான். ஆனால் அந்தத் தகரக் கொட்டகையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன ஜோக்காகத் தெரியவில்லை.

மார்கரெட் தாட்சர் சொன்ன சொல் இன்னும் சுவாரசியம். 1985 செப்டம்பரில் பிரதமராக அவர் இங்கிலாந்தின் வடகிழக்கே டைன்சைடு வட்டாரத்துக்குப் போனார். கப்பல் கட்டும் தொழில் நொடித்து, வேலையில்லாதோர் பெருகிக் கிடந்த பகுதி. அதைப் பற்றிக் கேட்ட நிருபர்களிடம், ‘மோனிங் மின்னி’களாக நிற்பதை நிறுத்துங்கள் என்று எரிந்து விழுந்தார். யார் இந்த மின்னி? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் பயன்படுத்திய பல குழாய் ராக்கெட் பீரங்கிக்கு பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த செல்லப் பெயர். வரும்போதே ஓலமிட்டுக்கொண்டு வரும். விமானத் தாக்குதலுக்கு ஊதுகிற சைரனையும் பொதுமக்கள் அதே பெயரால் அழைத்தார்கள். சைரன் ஊளையிட்டால் பதுங்கு குழிக்கு ஓட வேண்டும் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். தாட்சரும் அந்தத் தலைமுறைதான். வேலை போன ஊரின் ஓலத்துக்கு சைரனின் பெயரை வைத்துவிட்டு, அதை நிறுத்தச் சொன்னதுதான் வேடிக்கை.

வயிற்றிலிருந்து வந்த சொற்களும் உண்டு. நம் வீட்டுக் கைக்குழந்தைகளுக்குப் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகப் புகட்டிய உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டிங்ஹாம் ஊர் மருந்துக்கடைக்காரர் வில்லியம் உட்வர்ட் 1851-இல் தயாரித்தது. ‘கிரைப்’ என்றால் வயிற்றைப் பிடித்துப் பிசைகிற வலி. அமெரிக்கர்கள் அதையே புலம்பலுக்கும் ஆக்கிக்கொண்டார்கள். இத்திஷ் மொழி பேசிய யூதர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ‘க்வெட்ச்’சுக்கும் ஆதியில் பிழிவது, நெருக்குவது என்றுதான் பொருள். அவர்களிடம் மட்டும் புலம்பல் ஒரு கலை. அதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுப்பது அவமானமில்லை.

இத்தனைக்கும் நடுவில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நிற்பது ‘கம்ப்ளைன்ட்’. அதன் வேர் லத்தீனில் ‘பிளாங்கெரே’: அடிப்பது, துக்கத்தில் மாரில் அடித்துக்கொள்வது. அந்த மாரடிப்பு பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தின் நீதிமன்றங்களுக்குள் போய் மரியாதை பெற்றுவிட்டது. நம் ஊர் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடுகிறவர் முதலில் தாக்கல் செய்வது ‘பிளெயின்ட்’. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஏழாவது ஆணை முழுக்க அதைப் பற்றித்தான். தேதி, முகவரி, சொத்து விவரம், கோர்ட் ஃபீஸ் எல்லாம் சரியாக இருந்தால் மாரடிப்பு ஏற்றுக்கொள்ளப்படும், இல்லாவிட்டால் திருப்பிவிடுவார்கள். பாரசீகத்தில் ‘ஃபர்யாத்’ என்றால் காப்பாற்றச் சொல்லிக் கூக்குரலிடுவது. நம் ‘பிராது’ அங்கிருந்து வந்ததுதான்.

கறுப்புக் கோட்டு போட்டால் கிடைக்கிற இந்த மரியாதை ஆஸ்பத்திரியில் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் “என்ன கம்ப்ளைன்ட்?” என்கிறார். மூன்று நாளாகக் காய்ச்சல் என்கிறோம். சீட்டில் ‘சி/ஓ’ என்று போட்டு அதன் பக்கத்தில் காய்ச்சலை எழுதுகிறார். இன்னின்னதைக் குறையாகச் சொல்கிறார் என்பதன் சுருக்கம் அது. சிகரெட் பழக்கம் இல்லை என்று சொன்னால், நோயாளி ‘மறுக்கிறார்’ என்று எழுதுவது மருத்துவ ஆங்கிலத்தில் வழக்கம், போலீஸ் ஸ்டேஷன் வாக்குமூலம் கணக்காக. 2022-இல் ‘பிஎம்ஜே’ இதழில் கேட்ரியோனா காக்ஸ், ஸோயி ஃப்ரிட்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் இந்த வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இப்படி எழுதுவது நோயாளியின் பேச்சைச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது, அவரைச் சின்னப்பிள்ளையாக்குகிறது என்பது அவர்கள் வாதம். பழக்கத்தில் எழுதுகிறோம், உள்நோக்கம் ஏதுமில்லை என்று டாக்டர்கள் சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த ஷிப்டில் சீட்டை எடுத்துப் படிக்கிற டாக்டருக்கு நோயாளியின் குரல் கேட்பதில்லை. எழுதிவைத்த சொல்தான் அவருக்குத் தெரியும்.

(தொடரும்)