திருமண அகலப்பரப்பு ஒளிப்படம்

திருமண அகலப்பரப்பு ஒளிப்படம் என்பது, திருமண நிகழ்வில் ஒரே இடத்தில் நின்று ஒளிப்படக்கருவியைச் சிறிது சிறிதாகத் திருப்பி எடுத்த பல படங்களை இணைத்து உருவாக்கப்படும் அகன்ற படம் ஆகும். பேச்சு வழக்கில் இது பனோரமா எனப்படுகின்றது. மணமேடையையும் மண்டபத்தையும் விருந்தினரையும் ஒருசேரக் காட்டுவது இதன் நோக்கம். நிலக்காட்சிகளுக்குப் பெரிதும் பயன்படும் இந்நுட்பம் திருமணத்தில் ஓர் அடிப்படைச் சிக்கலைச் சந்திக்கின்றது. மலை அசைவதில்லை, மனிதர் அசைவர். பார்ப்பவருக்கு ஒரே கணமாகத் தோன்றும் இப்படம், உண்மையில் பல நொடிகளில் எடுக்கப்பட்ட வெவ்வேறு கணங்களின் தொகுப்பு ஆகும்.

வரலாறு

படங்களை இணைக்காமலே அகன்ற படம் எடுக்கும் கருவிகள் முன்னரே இருந்தன. 1904 இல் ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சர்க்கட் கருவி அவற்றுள் புகழ் பெற்றது. முக்காலியின் மேல் கருவி சுழலும்போது, உள்ளே படச்சுருள் ஒரு குறுகிய பிளவைக் கடந்து நகரும். பள்ளி மாணவர், படைவீரர் முதலிய பெருங்குழுக்களை எடுக்க இது பயன்பட்டது. வரிசையின் ஒரு முனையில் நின்ற சிறுவன், கருவி திரும்புவதற்குள் பின்புறமாக ஓடி மறுமுனையிலும் நின்று ஒரே படத்தில் இருமுறை தோன்றும் குறும்பு பற்றிய கதைகள் பல உண்டு. இன்றைய மென்பொருள்கள் இதே தவற்றை யாரும் ஓடாமலே செய்து விடுகின்றன.

எண்ணிம முறையில், செருமனியைச் சேர்ந்த எல்முட் டெர்சு 1998 இல் வெளியிட்ட பனோரமா டூல்சு ஒரு திருப்பம் ஆகும். அதில், இரு படங்களுக்கும் பொதுவான புள்ளிகளைப் பயனரே குறிக்க வேண்டியிருந்தது. பொதுப் புள்ளிகளைத் தானாகக் கண்டறிந்து படங்களை இணைக்கும் முறையை, பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மாத்தியூ பிரவுன், டேவிட் லோவ் ஆகியோர் 2003 இல் வெளியிட்டனர். 2012 இல் ஐபோனின் இயங்குதளமே இவ்வசதியைத் தந்தபின், விருந்தினரும் இத்தகைய படங்களை எடுக்கத் தொடங்கினர்.

படம் எடுத்தல்

கருவியைத் திருப்பும்போது அருகிலுள்ள தூண், தொலைவிலுள்ள மேடையை ஒப்பிடுகையில் இடம் மாறியது போலத் தோன்றும். இது இடமாறு தோற்றம் எனப்படும். திறந்த வெளியில் இதனைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் மண்டபத்தில், முன்வரிசை நாற்காலிகள் சில அடி தூரத்திலேயே இருப்பதால், இணைப்பில் அவை உடைந்து தெரியும். இதனைத் தவிர்க்க, கருவியின் அடிப்பகுதியை அன்றி, வில்லையின் நுழைவுத் துளையை அச்சாகக் கொண்டு திருப்ப வேண்டும். இப்புள்ளியை நோடல் புள்ளி என்று அழைக்கும் வழக்கம் பரவலாக இருப்பினும் அது சரியன்று.

ஒளியளவு, வெண்சமநிலை, குவியம் ஆகிய மூன்றையும் கையால் அமைத்து மாற்றாமல் வைத்தல் வேண்டும். தானியங்கி அமைப்பில் விட்டால், நிகழ்படம் எடுப்பவரின் விளக்கு விழும் பகுதி ஒரு நிறமாகவும் அடுத்த பகுதி வேறு நிறமாகவும் அமையும். படத்துக்குப் படம் 25 முதல் 30 விழுக்காடு வரை மேற்பொருந்தல் இருப்பது நன்று. முழுச்சட்டகக் கருவியில் 24 மிமீ வில்லையைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு படம் ஏறத்தாழ 53 பாகை அகலத்தைக் காட்டும். எனவே முழுச் சுற்றுக்கு 10 படங்கள் அளவில் தேவைப்படும்.

எந்தப் படத்தை முதலில் எடுப்பது என்பதே திருமணத்தில் முதன்மையான தெரிவு. தாலி கட்டும் நிகழ்வு சில நொடிகளில் முடிந்து விடும். அப்போது இடமிருந்து வலமாக எடுத்துக்கொண்டு வருபவர், மேடையை அடையும்போது அட்சதையும் தூவி முடிந்திருக்கும். ஆதலால் நடுப்படத்தை உரிய கணத்தில் எடுத்துவிட்டு, அதன்பின் இருபுறமும் எடுப்பர். நடுப்படம் மீண்டும் கிடைக்காது. ஓரப்படங்களைத் திரும்பவும் எடுக்கலாம்.

இணைத்தல்

இரு படங்களின் எல்லைக்கோடு ஒருவரின் முகத்தின் குறுக்கே சென்றால் அவர் பாதி மறைவார், அல்லது பேயுருப் போலத் தோன்றுவார். இரு படங்களுக்கிடையே நடந்து சென்றவர் இருமுறை வரலாம், அல்லது ஒரு படத்திலும் இல்லாமல் போகலாம். நிலக்காட்சியில் ஒரு மரம் விடுபட்டால் யாரும் கேட்பதில்லை; திருமணப் படத்தில் தாய்மாமன் விடுபட்டால் அது வீட்டில் பேசப்படும். எனவே கட்டற்ற மென்பொருளான அகின் போன்றவற்றில், எந்தப் பகுதியை எந்தப் படத்திலிருந்து கொள்வது என்பதை மறைப்புகளால் குறித்து, எல்லைக்கோட்டை ஆட்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தில் அமைக்கின்றனர். தானியங்கி இணைப்பை அப்படியே ஏற்பது இவ்வகைப் படங்களுக்குப் பொருந்தாது.

உறவினரை நேர்வரிசையில் நிற்கவைத்து உருளை வீழலில் இணைத்தால், வரிசை வளைந்தும் ஓரத்தில் நிற்போர் சிறுத்தும் காணப்படுவர். கருவியை மையமாகக் கொண்ட வில் வடிவில் அவர்களை நிறுத்தினால், படத்தில் நேர்வரிசையாகத் தெரியும். சர்க்கட் ஒளிப்படக்காரர்களும் இதையே செய்தனர்.

பிரெனைசர் முறை

நியூயார்க்கின் திருமண ஒளிப்படக்காரர் ரையன் பிரெனைசர் பரவலாக்கிய முறை இது. இங்கு அகலம் அன்று, பின்னணி மங்கலே நோக்கம். 85 மிமீ வில்லையைத் துளை எண் 1.4 இல் வைத்து, மணமக்களை அருகிலிருந்து பல படங்களாக எடுத்து இணைப்பர். இணைத்த படம் 35 மிமீ வில்லையின் பரப்பைக் காட்டுமாயின், அதன் மங்கல் துளை எண் 0.6 அளவுள்ள 35 மிமீ வில்லைக்கு ஒப்பாகும். அத்தகைய வில்லை கடையில் கிடைப்பதில்லை. மணமக்கள் அசையாதிருக்க வேண்டுமாதலால் அவர்களின் படத்தை முதலில் எடுத்துவிடுவர்.

அச்சிடுதல்

இந்தியாவில் திருமணத் தொகுப்புகளின் இருபக்க விரிப்பு பெரும்பாலும் 12க்கு 36 அங்குலம் ஆகும். 3:1 என்னும் இவ்விகிதம் அகலப்பரப்புப் படத்துக்கு இயல்பாகப் பொருந்துகின்றது. அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் எனக் கொண்டால் 10,800 படப்புள்ளி அகலம் வேண்டும். விரிப்பின் மடிப்பு நடுவில் விழுவதால், மணமக்களைச் சரியாக நடுவில் அமைத்த படத்தில் மடிப்பு இருவரில் ஒருவர் மேல் விழக்கூடும். ஆகவே அவர்களைச் சற்று ஒருபுறமாக அமைத்து வெட்டுவது வழக்கம்.