பாட்டிலிருந்து பித்தளைக் குழல் வரை: தொடக்க இசைக் கல்வியின் படிமுறை

புணேயிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் ரயில் பாதையில், தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் இடையே அமைந்துள்ளது கசார்வாடி. பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்த இத்தொழில் வட்டாரத்தில், திருமண ஊர்வலங்களின்போது பேண்டு வாத்தியக் குழுவினரின் பித்தளைக் குழல்கள் முழங்கக் கேட்கலாம். தெருவில் இவ்வாறு எளிதாகக் கேட்கும் இசையைப் பள்ளியில் எவ்வாறு முறையாகக் கற்பிப்பது என்பது கல்வித் திட்டமிடுவோர் சிந்திக்க வேண்டிய ஒரு பொருளாகும். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு, கலைக் கல்வியைப் பள்ளிக் கல்வியின் எல்லா நிலைகளிலும் ஒரு பாடமாக்கப் பரிந்துரைத்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கலையைப் பிற பாடங்களோடு இணைத்துக் கற்பிக்க வலியுறுத்துகிறது.

பள்ளிக்கு நிதி கிடைத்தவுடன் முதலில் கருவிகளை வாங்க முற்படுவது இயல்பே. ஆனால் காதும் தாள உணர்வும் பழகாத மாணவன் கையில் தரப்பட்ட கருவி, விரல் அசைவை மட்டுமே கற்பிக்கும். அவன் மனப்பாடமாக இரண்டு அணிவகுப்பு மெட்டுகளைக் கற்பான். அவன் பள்ளியை விட்டு நீங்கியதும் கருவி அலமாரிக்குத் திரும்பும். ஆகவே பாட்டு, தாளம், கருவி என்ற வரிசை முறையே சிக்கனமானது. பயன் மிக்கதும் ஆகும்.

முதற்படி: பாட்டு

பாட்டுக்கு மூலதனம் தேவையில்லை. ஹங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்டான் கோடாய் (1882-1967), குழந்தையின் முதற்கருவி அதன் குரலே என்ற அடிப்படையில், தாய்மொழி நாட்டுப் பாடல்களைக் கொண்டு சுரஞானம் ஊட்டும் முறையை வளர்த்தார். நம் நாட்டில் ச, ரி, க, ம என்று சுரங்களைப் பாடிப் பழகும் மரபு இதற்குப் பன்னூறு ஆண்டுகள் மூத்தது. ஸட்ஜத்தை எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், குழந்தைகளின் குரலுக்கேற்பப் பாடம் நடத்துவது எளிது.

இரண்டாம் படி: தாள விளையாட்டு

தாளத்தை உடலால் உணர வேண்டும் என்பது சுவிட்சர்லாந்தின் எமில் ஜாக் தால்குரோஸ் (1865-1950) வகுத்த முறையின் சாரம். மகாராஷ்டிரப் பள்ளிகளில் உடற்பயிற்சியாகப் பழகப்படும் லேஜிம் இதற்கு ஏற்ற சாதனம். மரத்தண்டில் சங்கிலியும் ஓசைத் தட்டுகளும் கோத்த இக்கருவியை மாணவர்கள் அடிவைப்புக்கு இசைய அசைக்கின்றனர். தமிழ்நாட்டில் கும்மியும் கோலாட்டமும் அதே பணியைச் செய்யும். காலால் நடையை மிதித்துக்கொண்டே கையால் ‘தகதிமி’ என நான்காகவும், பின்னர் ‘தகிட’ என மூன்றாகவும் தட்டச் செய்தால், சதுசிரத்துக்கும் திசிரத்துக்கும் உள்ள வேறுபாடு விளக்கமின்றியே புலனாகும்.

மூன்றாம் படி: பித்தளைக் கருவி

மேல் முன்பற்கள் நிலையாக முளைத்த பின்னர், பொதுவாக எட்டு அல்லது ஒன்பது வயதுக்கு மேல், குழலூதப் பழக்கலாம். வால்வு இல்லாத பியூகிளில் உதடுகளை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் எழும் முதன்மை ஒலிகள் ச, ப, மேல் ச, க, ப என்பனவே. டிரம்பெட்டில் இரண்டாம் வால்வு ஒலியை அரைச்சுரமும், முதல் வால்வு ஒரு சுரமும், மூன்றாம் வால்வு ஒன்றரைச் சுரமும் தாழ்த்துகின்றன. பாடிப் பழகிய மாணவனுக்கு எந்த ஒலியைத் தேடுகிறோம் என்பது முன்பே தெரியும். பாடாதவன் உதட்டால் தடவித் தேட வேண்டியிருக்கும்.

இந்நிலைக்கு ஏற்ற பாடல்கள் தமிழ்நாட்டிலேயே உள்ளன. முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் இவை ஏறத்தாழ நாற்பது. சங்கராபரண சுரங்களில், கமகம் இன்றி அமைந்தமையால், இன்றும் இசை பயிலும் சிறுவர்க்கு இவை கற்பிக்கப்படுகின்றன. ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்னும் உருப்படி, பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்தது. பேண்டிலிருந்து குரலுக்கு வந்த இம்மெட்டுகளை மீண்டும் பித்தளைக் குழலுக்குக் கொண்டு செல்வதில் தடையேதும் இல்லை.

செலவும் பயனும்

கருவிகளைப் பள்ளியின் பொதுச் சொத்தாக வைத்து, ஐந்து மாணவர் ஊதும்போது மற்றையோர் பாடித் தாளமிடுமாறு வகுப்பை அமைத்தால், சில கருவிகளே ஒரு வகுப்புக்குப் போதும். மீரட் நகரம் இக்கருவிகளின் உற்பத்திக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. எனவே அவற்றை உள்நாட்டிலேயே வாங்கலாம். வாயில் வைத்து ஊதும் முனையை மட்டும் மாணவர்க்குத் தனித்தனியே தருவது சுகாதாரத்துக்கு நல்லது. எனினும் முதன்மையான முதலீடு ஆசிரியர் பயிற்சியே. பயிற்சி பெற்ற ஆசிரியர் கருவியின்றியும் வகுப்பு நடத்துவார். ஆசிரியரின்றிக் கருவியால் பயனில்லை.

இது பொழுதுபோக்குக் கல்வி மட்டுமன்று. இராணுவ இசைக்குழுவினரைப் பயிற்றும் பச்மடி இசைப்பள்ளி 1950 முதல் இயங்கி வருகிறது. காவல்துறை இசைக்குழுக்களிலும் இசைக்குறியீட்டை வாசிக்கத் தெரிந்தவர்க்கு இடமுண்டு. தெருவில் கேள்வி ஞானத்தால் ஊதும் கலைஞரின் வருவாய் பெரும்பாலும் திருமணப் பருவத்தைச் சார்ந்தது. அவருடைய குழந்தைக்கு ஊராட்சி அல்லது மாநகராட்சிப் பள்ளியே சுரத்தையும் குறியீட்டையும் கற்பிக்குமாயின், குடும்பத்தின் திறமை நிலையான பணிக்குரிய தகுதியாக உயர வழி பிறக்கும். தனிப் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்க்கு இவ்வாய்ப்பைத் தரக்கூடியது பொதுப் பள்ளியே ஆகும்.