சக்கரத்துக்குத் தடை, ரத்தத்துக்கு விலக்கு

கிறிஸ் போர்ட்மன் என்ற ஆங்கிலேயர் 1996 செப்டம்பரில் மான்செஸ்டர் உள்ளரங்கில் ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். நான்கு ஆண்டு கழித்து, 2000 அக்டோபரில், அதே அரங்கில் அவரே மறுபடியும் ஒரு மணி நேரம் ஓட்டினார். இம்முறை 49.441 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் குறைவு. ஆனால், உலக சாதனை என்று ஏட்டில் நின்றது இந்த இரண்டாவதுதான்.

முதல் முறை அவர் இரு கைகளையும் முன்னால் நீட்டி, பறக்கும் சூப்பர்மேன் போல உடலைத் தட்டையாக்கிக்கொண்டு, கார்பன் இழைச் சைக்கிளில் ஓட்டியிருந்தார். 2000-ல் யூசிஐ எனப்படும் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஒரு முடிவெடுத்தது. 1972-ல் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஓட்டியதைப் போன்ற வண்டியில், வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால்தான் அது சாதனை. இடையில் வந்த தூரங்களெல்லாம் ‘மனித முயற்சியில் சிறந்தவை’ என்ற தனிப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டன. மெர்க்ஸின் 49.431 கிலோமீட்டர் மறுபடி அரியணை ஏறியது. போர்ட்மன் பழைய பாணி வண்டியில் ஏறி அதைத் தாண்டிக் காட்டினார். எவ்வளவு தெரியுமா? பத்து மீட்டர்.

28 ஆண்டுகளில் பத்து மீட்டர்! மனித உடல் கொஞ்சமும் முன்னேறவில்லை, முன்னேறியதெல்லாம் சைக்கிள்தான் என்று அன்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அவ்வளவு எளிதாக முடிவு கட்ட முடியாது. மெர்க்ஸ் ஓட்டியது கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள மெக்சிகோ சிட்டியில். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, எதிர்ப்பும் குறைவு. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. மான்செஸ்டரிலோ கூரைக்குக் கீழே காற்றே வீசாத பலகைத் தளம். ஒரே மாதிரிச் சைக்கிளைக் கொடுத்தும் இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியவில்லை.

இத்தனைக்கும் எந்தக் காலத்து வீரர் பெரியவர் என்ற தீராத வழக்கைத் தீர்க்க வந்த அளவுகோல்தான் இந்த ஒரு மணி நேரச் சாதனை. மலை இல்லை, மழை இல்லை, முன்னால் போய்க் காற்றைத் தடுத்துத்தர அணித் தோழர் இல்லை. ஒரு ஆள், ஒரு வட்டம், அறுபது நிமிடம். 1893-ல் பாரிஸில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி, முறையாகப் பதிவான முதல் சாதனையைப் படைத்தவர் ஆன்ரி தெக்ரான்ஷ். பத்தாண்டு கழித்து, பத்திரிகை ஆசிரியராக இருந்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவரும் அவர்தான். இந்த விளையாட்டின் இரண்டு அளவுகோல்களும் ஒரே கையிலிருந்து வந்தவை.

அளவுகோல் நேராக இருந்ததா என்று பார்க்க, மெர்க்ஸுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரை எடுத்துக்கொள்வோம். ஐந்து முறை டூர் வென்ற பிரெஞ்சுக்காரர் ஷாக் ஆன்கெத்தில் 1967-ல் மிலானில் 47.493 கிலோமீட்டர் ஓட்டினார். ஓடி முடித்த இடத்திலேயே சிறுநீர் மாதிரி கொடுக்கச் சொன்னபோது மறுத்தார். சாதனை அங்கீகரிக்கப்படவில்லை. 1984-ல் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ சிட்டியில் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். ஆரக்கால் இல்லாத தட்டுச் சக்கரங்கள் அவருக்கு உதவின. உடலில் ரத்தம் ஏற்றிக்கொண்டதும் உதவியது. இதை 1999-ல் அவரே ஒப்புக்கொண்டார். 1984-ல் அது தடைசெய்யப்பட்ட காரியம் அல்ல. ஆகவே சாதனை நின்றது. பிற்பாடு 2000-ல் யூசிஐ மோசரையும் தனிப் பட்டியலுக்குத் தள்ளியபோது சொன்ன காரணம் சக்கரம். ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னும் வேடிக்கை பாக்கி இருக்கிறது. பழைய பாணி வண்டியில் போர்ட்மனைத் தாண்டி 2005-ல் 49.700 கிலோமீட்டர் ஓட்டியவர் செக் நாட்டின் ஓந்த்ரே சோசென்கா. 2008-ல் மெத்தாம்ஃபெட்டமைன் சோதனையில் சிக்கி அவருடைய ஆட்டம் முடிந்தது. ஆனால், ‘தூய்மையான’ சைக்கிளில் ஓட்டிய அந்தச் சாதனை 2014 வரை அவர் பெயரிலேயே இருந்தது. அந்த ஆண்டு யூசிஐ மறுபடி மனம் மாறி நவீன வண்டிகளை அனுமதித்தது. முப்பரிமாண அச்சில் வார்த்த வண்டியில் இத்தாலியின் பிலிப்போ கன்னா 2022-ல் 56.792 கிலோமீட்டரைத் தொட்டார்.

கம்பிக்கும் சக்கரத்துக்கும் இவ்வளவு கறாராக விதி போட்ட விளையாட்டு, உடலுக்குள் போவதைப் பற்றி எப்போது கவலைப்பட்டது? ரொம்ப நாள் கவலையே படவில்லை. 1924 டூரில் பந்தயத்தைப் பாதியில் விட்டு வெளியேறிய பெலிஸியே சகோதரர்கள் ஆல்பெர் லோந்த்ர் என்ற பத்திரிகையாளரிடம் பையைத் திறந்து காட்டினார்கள். கண்ணுக்குக் கொக்கைன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், பிறகு மாத்திரைகள். 1950-களின் நாயகன் ஃபௌஸ்தோ கோப்பி ஆம்ஃபெட்டமைன் எடுத்ததை மறைக்கவில்லை. பிரான்ஸ் 1965-ல் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு போர்தோ நகரில் வீரர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு மருத்துவர்கள் சோதனைக்கு வந்ததும், மறுநாள் வீரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நடந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கடுத்த ஆண்டு, 1967 ஜூலை 13, வோந்தூ மலையேற்றத்தில் இங்கிலாந்தின் டாம் சிம்ப்சன் சுருண்டு விழுந்து இறந்தார். வயது 29. உடலில் ஆம்ஃபெட்டமைன் இருந்தது. ஆன்கெத்தில் மிலானில் சிறுநீர் கொடுக்க மறுத்தது, இந்தச் சாவு நடந்து மூன்று மாதம்கூட ஆகாதபோது.

மெர்க்ஸும் மூன்று முறை சோதனையில் மாட்டியவர். 1969-ல் ஜீரோ தி இத்தாலியா பந்தயத்தில் முன்னிலையில் இருந்தபோது சவோனா நகரில் வெளியேற்றப்பட்டார். தான் குற்றமற்றவன் என்று இன்றுவரை சொல்கிறார். அன்று சம்மேளனம் அவருக்குச் சந்தேகத்தின் பலனை அளித்துத் தடையை நீக்கியது. சில வாரத்தில் தொடங்கிய டூரை ஏறக்குறைய 18 நிமிட இடைவெளியில் வென்றார். 1973-ல் இருமல் மருந்து என்றார்கள். அந்த ஆண்டு லொம்பார்தியா பந்தயத்தில் பெற்ற வெற்றி பறிபோனது. 1977-ல் மூன்றாவது முறை. இன்றைய சட்டப்படி, வேண்டுமென்றே செய்தது என்று தீர்ப்பானால் முதல் குற்றத்துக்கே நான்கு ஆண்டுத் தடை. ஆனால் யாரும் மெர்க்ஸின் ஐந்து டூர் பட்டங்களைக் கேள்வி கேட்பதில்லை.

‘அப்படியானால் எல்லாரும் ஒன்றுதானே? எல்லாரும் எடுத்தார்கள், ஆகவே பந்தயம் சமம்தானே?’ ஏழு டூர் பட்டங்களை வென்று, ஊக்கமருந்தால் பிற்பாடு அவற்றை இழந்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ரசிகர்கள் பல ஆண்டாகச் சொல்லும் வாதம் இது. கேட்க நியாயமாகத் தோன்றும். அது ஏன் தப்பு என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆம்ஃபெட்டமைன் களைப்பை மறைக்கும். கால் கெஞ்சுவது மூளைக்குத் தெரியாது. சிம்ப்சன் செத்ததுபோல் ஆளையே கொல்லும். ஆனால், ஒரு சாதாரண ஓட்டக்காரனை மூன்று வாரம் மலையேறும் வீரனாக அது மாற்றாது. 1980-களின் இறுதியில் மருந்தாக வந்த ஈபிஓ வேறு ரகம். சிறுநீரகம் இயல்பாகவே சுரக்கும் ஹார்மோன் அது. ஊசியில் ஏற்றினால் சிவப்பணுக்கள் பெருகும், தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும். மூன்று வாரப் பந்தயத்தில் இயல்பாக ரத்தம் நீர்த்துப்போகும். ஈபிஓ எடுத்தவருக்கு அது நடக்காது. கடைசி வாரத்திலும் முதல் நாள் ரத்தம்.

1990-களில் அதைக் கண்டுபிடிக்கச் சோதனை இல்லை. எனவே 1997-ல் யூசிஐ ஒரு வரம்பு வைத்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு வாரம் ஓய்வு. அதுவும் தண்டனை இல்லையாம், உடல்நலம் கருதியாம். இப்போது இரண்டு வீரர்களை எண்ணிப்பாருங்கள். ஒருவருக்குப் பிறவியிலேயே 48. இன்னொருவருக்கு 41. முதலாமவர் மருந்தால் பெறக்கூடியது இரண்டு புள்ளி, இரண்டாமவர் பெறக்கூடியது ஒன்பது. இயற்கை யாருக்கு நிறையக் கொடுத்ததோ அவர்தான் தோற்கிறார். நல்ல மருத்துவரை வைத்துக்கொள்ளப் பணமுள்ளவர் இன்னும் முந்துகிறார். எல்லாரும் எடுத்தாலும் பந்தயம் சமமாகாது. ஊசியே போடாதவர் எந்த இடத்தில் வருவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கிறிஸ்டோஃப் பாஸோன் என்ற பிரெஞ்சு வீரர் போட மறுத்தார், பத்திரிகையில் அதைப் பற்றி எழுதவும் செய்தார். 1999 டூரில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் ஓடும் கூட்டத்தின் நடுவிலேயே அவரிடம் வந்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். சில நாளில் பாஸோன் போயும்விட்டார். ஓடும் கூட்டத்தில் பெரும்பாலோர் அவருக்காகப் பேசவில்லை.

ஆர்ம்ஸ்ட்ராங் 1999-லேயே மாட்டியிருக்க வேண்டியவர். சிறுநீரில் கார்ட்டிசோன் தெரிந்தது. சீட் உரசிய புண்ணுக்குக் களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்று வந்தது. யூசிஐ ஏற்றுக்கொண்டது. பிறகு அவர் யூசிஐக்கு இரண்டு தவணையில் 1,25,000 டாலர் நன்கொடை கொடுத்தார். வீரரைச் சோதிக்க வேண்டிய அமைப்பு வீரரிடமே பணம் வாங்குவதில் தப்பில்லை என்று அதன் தலைவர்கள் நினைத்தார்கள். சம்மேளனம் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சலுகை காட்டியது என்று யூசிஐ அமைத்த விசாரணைக் குழுவே 2015-ல் அறிக்கை கொடுத்தது. அதற்கு முன்பே, 2012-ல், பழைய அணித் தோழர்கள் 11 பேரின் சாட்சியத்தோடு அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வழக்கை முடித்து ஏழு பட்டங்களையும் பறித்தது.

பறித்த பட்டத்தை யாருக்குக் கொடுப்பது? 1999-ல் இரண்டாம் இடம் அலெக்ஸ் சூலே, ஈபிஓ எடுத்ததாக முந்தைய ஆண்டே ஒப்புக்கொண்டவர். மூன்று முறை இரண்டாம் இடம் யான் உல்ரிஷ், அவரும் பிற்பாடு ஒப்புக்கொண்டார். 2005-ல் இவான் பாஸ்ஸோ, ஸ்பெயினில் வீரர்களின் ரத்தப் பைகள் சிக்கிய வழக்கில் தடை பெற்றவர். பட்டியலில் ஏழு ஆண்டுகளும் காலியாக விடப்பட்டன.

அதே பட்டியலில் சற்று மேலே பாருங்கள். 1996: பியார்ன ரீஸ். ஈபிஓ எடுத்து வென்றேன் என்று 2007-ல் தானே சொன்னவர். பெயர் நிற்கிறது. 1997: உல்ரிஷ். நிற்கிறது. 1998: மார்கோ பந்தானி. அந்த ஆண்டு மாதிரிகளைப் பிற்பாடு சோதித்ததில் ஈபிஓ தெரிந்ததாகப் பிரெஞ்சு செனட் அறிக்கை 2013-ல் சொன்னது. அவர் 2004-லேயே இறந்துவிட்டார். பெயர் நிற்கிறது. ரீஸ் வாய் திறப்பதற்குள் எட்டு ஆண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது. ஆர்ம்ஸ்ட்ராங் விஷயத்தில் மட்டும், பொய் சொல்லி மறைத்ததால் காலவரம்பு பொருந்தாது என்றார்கள். சட்ட நுணுக்கத்தில் சரியாகவே இருக்கலாம். எனக்கு அவர் மேல் அனுதாபமும் இல்லை. பாஸோனுக்குச் செய்ததற்கு மட்டுமே அவருக்கு மன்னிப்புக் கிடையாது. ஆனால், எந்த ஆண்டு ஒப்புக்கொண்டார், எத்தனை பேரைப் பகைத்துக்கொண்டார் என்பதை வைத்துச் சரித்திரத்தில் பெயர் நிற்பதும் அழிவதும் முடிவானால், அந்தப் பட்டியலை விளையாட்டு வரலாறு என்று சொல்ல முடியாது. நிர்வாகக் குறிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது ஸ்லோவேனியாவின் ததேய் பொகச்சார். 2024 டூரில் பிளாத்தோ தெ பெய் மலையை, 1998-ல் பந்தானி ஏறியதைவிட ஏறக்குறைய மூன்றரை நிமிடம் குறைவான நேரத்தில் ஏறினார். இரண்டாவதாக வந்த யோனாஸ் விங்ககோரும் பந்தானியைவிட வேகம். ஈபிஓ உச்சத்தில் இருந்த காலத்தைத் தாண்டி ஓடுகிறார்களே என்று புருவம் உயர்வது இயல்பு. மறுபக்கத்தில் இருப்பவை: காற்றுச் சுரங்கத்தில் செதுக்கிய வண்டி, மேம்பட்ட டயர், மிதிக்கும் சக்தியை நொடிக்கு நொடி காட்டும் கருவி, மணிக்கு 120 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்ளப் பழக்கிய குடல். அன்றைக்கு மலையடிவாரத்திலிருந்தே விங்ககோரின் அணி விரட்டியதும் உண்டு. பொகச்சார் எந்தச் சோதனையிலும் மாட்டியதில்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கும் இப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்பவர்களிடம் கோபப்படவும் முடியாது. அந்தச் சந்தேகத்தை விதைத்தது ரசிகன் அல்ல, சம்மேளனம்.

விதியின் கோடு இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. டிராமடால் வலி மாத்திரையை யூசிஐ 2019-ல் தடுத்தது, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2024-ல்தான் தடுத்தது. கார்பன் மோனாக்சைடைத் திரும்பத் திரும்பச் சுவாசிப்பதை யூசிஐ தடுத்தது 2025 பிப்ரவரியில். அதற்கு முந்தைய மாதம் வரை அது குற்றமில்லை.

என்னைக் கேட்டால், ஒருவரை அவரோடு ஒரே சாலையில், ஒரே விதியின் கீழ் ஓடியவர்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் மெர்க்ஸுக்கு இணை இல்லை. டூர், ஜீரோ, ஸ்பெயினின் வுவெல்ட்டா ஆகிய மூன்று பந்தயங்களிலுமாக 11 பட்டம் வென்றவர், டூரில் மட்டும் 34 கட்டங்களை வென்றவர். 2024-ல் மார்க் கேவண்டிஷ் 35-வது கட்டத்தை வென்று அந்த எண்ணிக்கையைக் கடந்தார். கேவண்டிஷ் வென்றவை கடைசி சில நூறு மீட்டரில் முடிவாகும் விரைவோட்டங்கள். மெர்க்ஸ் மலையிலும் வென்றார், தனி ஓட்டத்திலும் வென்றார். பொகச்சாரை விங்ககோரோடு ஒப்பிடலாம், அதில் இப்போதைக்குப் பொகச்சாரின் கைதான் மேல். ரீஸின் பெயரையும் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயரையும் பொறுத்தவரை யூசிஐ செய்ய வேண்டியது எளிது. ஒன்று, இருவரையும் அழிக்கட்டும். இல்லையென்றால் இருவர் பெயரையும் எழுதி, பக்கத்தில் என்ன எடுத்தார்கள் என்பதையும் எழுதட்டும்.