பல்செட் பொருந்தவில்லையா?

வீட்டில் விருந்து. எல்லோரும் மகிழ்ந்து உண்கின்றனர். பெரியவர் மட்டும் இறைச்சியை ஒதுக்கிவிட்டு, சோற்றைக் குழைத்து விழுங்குகிறார். செலவழித்துக் கட்டிய பல்செட்டோ தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கிறது. 'போட்டால் ஆடுகிறது, ஈறு புண்ணாகிறது' என்பது அவர் குறை. 'வயதானால் அப்படித்தான்' என்று நாமும் சமாதானம் கூறிவிடுகிறோம். இது சரிதானா, சிந்தியுங்கள்.

பற்கள் உள்ளவரைதான் அவற்றைத் தாங்கும் எலும்பு மேடு உயர்ந்து நிற்கும். பற்களை எடுத்துவிட்டால் அது கரையத் தொடங்கும். முதல் ஆண்டில் வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் கரையும். கீழ்த்தாடை மேடு, மேல்தாடையைவிட ஏறத்தாழ 4 மடங்கு குறைகிறது என்பதை 25 ஆண்டுக் கால ஆய்வொன்று 1972-ல் எடுத்துரைத்தது. கீழ்ச்செட் அதிகம் ஆடுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

அடித்தளம் சீராக இல்லாமல் வீடு நிற்குமா? செட்டுக்கு அளவெடுக்குமுன் வாயைச் செப்பனிடும் அறுவை சிகிச்சைகள் உள்ளன. கூரான எலும்பு முனைகளை மழுங்கச் செய்வர். அண்ணத்திலோ, நாக்கை ஒட்டிய கீழ்த்தாடையிலோ உள்ள எலும்புப் புடைப்பு இடையூறு செய்தால் அகற்றுவர். மேட்டின் உச்சிவரை ஏறி வந்து செட்டைத் தள்ளிவிடும் தசைநாரை விடுவிப்பர். பொருந்தாத செட் உராய்ந்து வளர்ந்த சதை மடிப்பை நீக்குவர். இவற்றுள் பல, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முடிக்கக்கூடியவையே.

எலும்பு மிகவும் தேய்ந்தவர்களுக்கும் வழியுண்டு. சுவீடனின் பேராசிரியர் பிரோனமார்க், 1965-ல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானியம் திருகுகளைப் பதித்தார். எலும்பு அவற்றைப் பற்றிக்கொண்டது. கீழ்த்தாடையில் இரண்டு திருகுகளைப் பதித்து, அவற்றின்மீது செட்டை மாட்டுவதே முதல் தேர்வாக இருக்கவேண்டும் என 2002-ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தனர்.

எனினும் எச்சரிக்கை தேவை. சர்க்கரை நோய், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, எலும்புத் தேய்வு மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணைச் 'செட் உரசியது' என்று அலட்சியப்படுத்தவும் வேண்டாம். அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். புகையிலை போடுவோருக்கு இந்த அபாயம் அதிகம்.

இன்றே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: "மெல்ல முடிகிறதா?" அந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருக்கலாம்.