காயல்பட்டினத்தில் குற்றமே நடப்பதில்லையா?

பகுதி சபைக் கூட்டம் நெருங்கிவிட்டது. திருச்செந்தூர் வட்டாரத்திலிருந்து வரும் கடிதங்களில் இப்போது குற்றக் கணக்குதான் பேச்சு. "எங்கள் திருச்செந்தூர் நகராட்சியில் இவ்வளவு திருட்டு, பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒன்றுமே இல்லையே, கூட்டத்தில் யாரைக் கேட்பது?" என்கிறார் ஒருவர். "எங்கள் ஊரில் ஸ்டேஷனே கிடையாது, பிறகு கண்காணிப்புக் கேமராவுக்கு எதற்குப் பணம்?" என்கிறார் இன்னொருவர்.

இரண்டாமவருக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். காயல்பட்டினத்தில் சினிமா கொட்டகை இல்லை, மதுக்கடை இல்லை, காவல் நிலையம் இல்லை என்று ஊர்க்காரர்கள் நெடுங்காலமாகப் பெருமையோடு சொல்லிவருகிறார்கள். பெருமைக்கு நியாயம் உண்டு. ஆனால் அங்கே வீடு புகுந்து திருடினால் வழக்கு ஆறுமுகநேரி காவல் நிலையத்தில் பதிவாகும். 2011 கணக்கெடுப்பின்படி 40 ஆயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் நகராட்சியின் குற்றங்கள் பக்கத்துப் பேரூராட்சியின் பெயர் தாங்கிய நிலையத்தில் ஏறுகின்றன. காயல்பட்டினம் வெள்ளைத்தாளாகவும் ஆறுமுகநேரி கறை படிந்த ஊராகவும் தெரிவதற்கு இதுவே போதும்.

நகராட்சி எல்லையும் ஸ்டேஷன் லிமிட்டும் வேறு வேறு. காவல்துறையின் கணக்கு நிலையம், உட்கோட்டம், மாவட்டம் என்றுதான் போகும். ஆகவே நகராட்சிக்கான 'குற்ற விகிதம்' என்று யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், அது எங்கோ ஒட்டுப்போட்டு எடுத்த எண். ஸ்டேஷன் பதிவுசெய்ய ஒப்புக்கொண்ட வழக்குகளைப் பழைய மக்கள்தொகையால் வகுத்தால் வருவதுதான் அந்த விகிதம். பெருநகரங்களின் விகிதத்தைக்கூடத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2011 மக்கள்தொகையை வைத்தே கணக்கிட்டு வந்திருக்கிறது. ஊர் எவ்வளவு வளர்ந்தாலும் வகுக்கும் எண் நகர்வதில்லை.

திருச்செந்தூரின் சிக்கல் வேறு. 2011இல் அங்கு வாழ்ந்தவர்கள் சுமார் 32 ஆயிரம் பேர். சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் நிற்பவர்கள் லட்சக்கணக்கில். 2025 ஜூலை 7 முருகன் கோயில் குடமுழுக்குக்கும் அப்படித்தான் கூட்டம் திரண்டது. விருதுநகரிலிருந்து வந்த பக்தரின் சங்கிலி பறிபோனால் வழக்கு திருச்செந்தூர் கணக்கில் ஏறும். பக்தர் திருச்செந்தூர் மக்கள்தொகையில் இல்லை. உள்ளூர்க்காரர் பயப்பட வேண்டிய அளவை அந்த விகிதம் சொல்லவே சொல்லாது.

எல்லையும் தலைக்கணக்கும் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு உண்மையில் கவலை தருவது சி.எஸ்.ஆர்.

எந்த ஊர் நிலையமானாலும் நடைமுறை ஒன்றுதான். புகாரோடு போனால் சி.எஸ்.ஆர். பதிவேட்டில் எழுதி, வரிசை எண்ணும் ஆண்டும் போட்டு மனு ரசீது தருவார்கள். அது எஃப்.ஐ.ஆர். ஆகும்வரை எந்தக் குற்றக் கணக்கிலும் வராது. பல மனுக்கள் அங்கேயே முடிந்துவிடும். பேருந்துக்கு நேரமாகிறது என்று தவிக்கிற வெளியூர்க்காரரிடம் எழுத்தர் அன்பாகத்தான் சொல்வார்: "அண்ணாச்சி, போன் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க, ரசீது இப்பவே தாறோம். திருட்டுன்னு எழுதுனா விசாரணைக்கு மறுபடி வரணும்லா." சிம் மாற்றவும், சி.இ.ஐ.ஆர். தளத்தில் போனை முடக்கவும் அந்த ரசீது போதும். இருவருக்கும் வேலை மிச்சம். திருட்டு ஒன்று தொலைந்த பொருளாகிவிட்டது.

கைதுசெய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) அந்தக் கதவைக் கொஞ்சம் ஒருக்களித்துவிட்டது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டுப் பதியலாம். அதைவிட முக்கியம், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் திருட்டை அதே சட்டத்தின் அட்டவணை கைதுசெய்யத்தக்க குற்றப் பட்டியலிலிருந்தே இறக்கிவிட்டது. மூவாயிரம் ரூபாயோடு பர்ஸைப் பறிகொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். கேட்கும் பிடியே தளர்ந்துவிட்டது. 2024க்கு முந்தைய திருட்டுக் கணக்கையும் பிந்தையதையும் அருகருகே வைத்து "குறைந்துவிட்டது" என்று எந்த அதிகாரி சொன்னாலும், எத்தனை சி.எஸ்.ஆர். போட்டீர்கள் என்று கேளுங்கள். அந்த எண் இல்லாமல் குறைவு என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வந்த புகாரையெல்லாம் ஒழுங்காகப் பதியும் இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்தால் அந்த ஆண்டு ஊரின் 'குற்றம்' ஏறும். அவரைத்தான் மேலதிகாரிகள் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்பார்கள். பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எழுதுகிறது. மாவட்டங்களின் மாதாந்திர ஆய்வுக் கூட்டங்களில் அது நினைவுக்கு வருவதாகத் தெரியவில்லை.

பக்கத்து ஊரோடு ஒப்பிட்டே ஆகவேண்டும் என்பவர்கள் வாகனத் திருட்டைப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது, அதனால் பறிகொடுத்தவர் ரசீதோடு திரும்பிப் போகமாட்டார். கொலையையும் மறைக்க முடியாது. ஆனால் சிறிய ஊரில் இரண்டு கொலை மூன்றானால் 50 சதவீத உயர்வு என்று தலைப்பு வரும். அதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எல்லா நிலையத்திலும் குற்ற எண் ஜனவரியில் 1இலிருந்து தொடங்கும். டிசம்பர் கடைசியில் பதிவான எஃப்.ஐ.ஆரின் எண்தான் அந்த ஆண்டின் மொத்தம். காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கலாம். ஆனால் குட்கா, லாட்டரி, கள்ளச் சந்தை மது என்று போலீஸே முன்வந்து போடும் வழக்குகளும், காணாமல்போனவர், சந்தேக மரணம் எல்லாமும் அதே வரிசையில் நிற்கும். பிரித்துப் பார்க்காமல் சண்டைக்குப் போகவேண்டாம்.

மற்ற கேள்விகள்:

ஆன்லைனில் புகார் கொடுத்தால் போதுமா? மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும், அப்போதுதான் பதிவேறும்.

"எங்க லிமிட் இல்லை" என்றால்? எந்த நிலையமும் எல்லை பார்க்காமல் பதிய வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 173ஆவது பிரிவு.

எஃப்.ஐ.ஆர். மறுத்தால்? எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள், பிறகு மாஜிஸ்திரேட்.

2020இல் தமிழ்நாட்டின் எண் எகிறியது ஏன்? இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் சுமார் 1.7 லட்சத்திலிருந்து 8.9 லட்சமாயின, பெரும்பகுதி ஊரடங்கை மீறியதற்காக 188ஆவது பிரிவில் போட்டவை.

நகராட்சித் தலைவர் இன்ஸ்பெக்டரைக் கேட்க முடியுமா? முடியாது, காவல்துறை மாநில அரசின் கீழ் இருக்கிறது. தெருவிளக்கைப் பற்றி அவரிடம் கேளுங்கள், சி.எஸ்.ஆர். எண்ணிக்கைக்கு மாவட்டக் காவல் அலுவலகத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்.